எட்டேழு அம்பத்தி நாலு

ஆகஸ்ட் 4

வாயாடிக்கு,

போனில் பேச மாட்டேன் என்று நான் சொன்னது கோபத்தில் இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் "சரி பாட்டி, சரி பாட்டி" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தானே ஆக வேண்டும். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தாலும் சொல்வது நேராக இருக்கும்.

இஸ்திரிக்குத் துணி கொண்டு வருகிற எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். "என் பேத்தி காலேஜில் வெளிநாட்டு மொழி படிக்கிறாள், இது கடைசி வருஷம்" என்று முதலில் சொல்லி, அவர்கள் வாய் பிளப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கேட்டேன். வங்கிக்காரர் சொன்னார்: "மொழி மட்டும்னா அது ஒத்தைக்கால் நாற்காலிம்மா. சாஞ்சு நிக்கலாம், உக்கார முடியாது. கூட இன்னொண்ணு படிக்கச் சொல்லுங்க. கணக்கோ, சட்டமோ, கம்ப்யூட்டரோ. மொழியும் தெரியும், வேலையும் தெரியும்னா கூப்பிட்டுக் கொடுப்பாங்க." மருந்துக்கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். எதிர்வீட்டு டீச்சரம்மா மட்டும் "பிடிச்சதைப் படிக்கட்டும் விடுங்க" என்றாள். அவளுக்கென்ன, சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது.

ஆகவே இன்னொரு படிப்பு படித்தே ஆக வேண்டும். பெட்டியைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போனது, நீ ஒத்தைக்கால் நாற்காலியில் ஆடிக்கொண்டு இருப்பதற்கு இல்லை.

இன்னொன்று. உலகத்தில் எத்தனையோ மொழி இருக்க, நீ ஏன் இதை எடுத்தாய்? வங்கிக்காரர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சொல்லத் தெரியாத விஷயம் என் கடையில் இருக்கக் கூடாது.

உன் பாட்டி

*

ஆகஸ்ட் 17

பாட்டி,

கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டுதான்.

முதலில் கோபம் வந்தது. இந்த மொழியில் ஒரு பக்கம் படித்தால், முதல் மழையில் ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கிறது எனக்கு. அதற்குப் பக்கத்தில் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறாயே என்று அறைத்தோழியிடம் புலம்பினேன். அவள் தன் அக்காவுக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தாள். அந்த அக்கா இதே துறையில் முதல் மாணவியாகத் தேறியவள். இப்போது ஒரு துணிக்கடையில் ரசீது போடுகிறாள். "மொழி மறந்துபோச்சும்மா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பாட்டி, உன் கடிதத்தைவிடப் பயமாக இருந்தது.

துறைத்தலைவியிடம் போனேன். சட்டம் சேர்த்தால் ஒப்பந்தங்களை மொழிபெயர்க்கலாம், கணக்கு சேர்த்தால் கம்பெனிகளில் எடுத்துக்கொள்வார்கள், சுற்றுலா சேர்த்தால் ஊர் சுற்றலாம் என்றார். எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. திரும்பும்போது பலகையில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். பேச்சுப் பயிற்சி, ரெண்டு வருஷம். மூளையில் அடைப்பு வந்து பேச்சு போனவர்களுக்குத் திரும்பப் பேசச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு. மொழி படித்தவர்களும் சேரலாமாம். இங்கே மொழியைக் கற்றுக்கொள்கிறேன், அங்கே மொழி போனவர்களைப் பார்ப்பேன். இது எனக்குச் சரியாக வரும் என்று தோன்றியது.

இந்த மொழியை ஏன் எடுத்தேன் என்றால், பிடித்தது. வங்கிக்காரரிடம் அப்படியே சொல்.

உன் வாயாடி

*

செப்டம்பர் 2

வாயாடிக்கு,

பேசச் சொல்லிக்கொடுக்க ஒரு படிப்பா! உன் வாயை மூடச் சொல்லிக்கொடுக்கிற படிப்பு இருந்தால் உன்னை மூணு வயதிலேயே சேர்த்திருப்பேன். ஆனாலும் நல்ல படிப்புதான். டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. அன்றைக்கே கடையில் சொல்லிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் "அடேங்கப்பா" என்றார். அவர் அவ்வளவு சுலபமாக அடேங்கப்பா சொல்கிற ஆள் இல்லை.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த மொழி எந்த தேசத்தில பேசுறாங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னார். பெட்டி கையில் இருந்தது. கீழே இருந்தது டீச்சரம்மாவின் நீலப் புடவை. கருகிவிட்டது. இத்தனை வருஷத்தில் என் கையால் கருகிய முதல் துணி.

அந்த தேசத்தின் பெயரை என் வீட்டில் சொல்வதில்லை என்று உனக்குத் தெரியும். உனக்கு மூணு வயதில், வேலை என்று சொல்லி உன் அப்பன், நான் பெற்றவன், அங்கேதான் போனான். அவனை எதிர்பார்த்து எதிர்பார்த்துத்தான் உன் அம்மா இளைத்தாள். அவள் செத்ததற்கும் அவன் வரவில்லை. அன்றைக்கு அவனைத் தலைமுழுகினேன்.

பிடித்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கணக்கு வராது என்பதற்காகக் கண்ணும் தெரியாது என்று நினைத்துக்கொண்டாயா?

பதில் எழுது. அல்லது எழுதாதே.

பாட்டி

*

பிப்ரவரி 9

பாட்டி,

மூணு வருஷத்துக்கு மேலாக, பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நீயும் இதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சுவரில் ஆணி இருப்பது தெரிந்து ரெண்டு பேரும் அந்தப் பக்கம் சாயாமல் இருந்த மாதிரி. விமான நிலையத்தில் இருந்து கூப்பிட்டபோது, எந்த தேசம் என்று சொன்னவுடன் போனை வைத்துவிட்டாய். ஆகவே இதுவும் கடிதம்தான்.

வேலை கிடைத்த விதத்தைச் சொல்கிறேன், கடையில் சொல்ல உனக்கு உதவும். இந்த ஊரில் வெளியிலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே கிழவர்களாகிப் போனவர்கள் நிறைய. மூளையில் அடைப்பு வந்தால் சிலருக்கு, பிற்பாடு கற்ற மொழி போய்விடும், பிறந்த மொழி நிற்கும். சிலருக்கு நேர்மாறு. நர்சுகளுக்கு ஒன்றும் புரியாது. ஆஸ்பத்திரியில் ரெண்டு மொழியும் பேச்சுப் பயிற்சியும் தெரிந்த ஆளைத் தேடியிருக்கிறார்கள். நேர்காணலில் என்னோடு இருந்தவர்களில் சிலருக்கு மொழி என்னைவிட நன்றாகத் தெரியும். சிலர் பயிற்சியில் என்னைவிட அனுபவசாலிகள். ரெண்டும் இருந்தது எனக்குத்தான். உன் வங்கிக்காரரிடம் சொல், நாற்காலிக்குக் கால் முளைத்துவிட்டது.

இனி நிஜம். நீ நினைத்தது சரி. பதினோராம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவர் பேசும் மொழியிலேயே கேட்க வேண்டும், புரியவில்லை என்று தப்பிக்க விடக் கூடாது. அம்மா செத்தப்போ ஏன் வரல? அவ்வளவுதான் கேள்வி. அதைக் கேட்கத்தான் மூணு வருஷம் மொழி படித்தேன். கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

வாயாடி

*

பிப்ரவரி 27

தலைமுழுகியவனைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்காதே, எனக்குத் தெரியும்.

வேலையைப் பற்றி எழுது. சாப்பாடு பற்றி எழுது. குளிருக்கு என்ன போர்த்திக்கொள்கிறாய் என்று எழுது.

பாட்டி

*

மார்ச் 20

பாட்டி,

உத்தரவுப்படி.

என் அறை மூணாவது மாடி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து நிறுத்தம். கம்பளி ரெண்டு இருக்கிறது. ஒன்று கொடுத்தது ஆஸ்பத்திரி, இன்னொன்று நீ மடித்து வைத்தது. நீ மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. கலைக்கவும் மனசில்லை.

வார்டில் எனக்கு ஆறு பேர். ஒருவர் பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். இப்போது அவரிடம் இருப்பது ஒரே சொல், "வேண்டாம்". பசிக்குதா என்றால் வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே வேண்டாம். அவர் மனைவி வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு ஆசையாக "வேண்டாம், வேண்டாம்" என்பார். அந்த அம்மாளும் "எனக்கும்தான்" என்பாள். முதல் நாள் சிரித்தேன், மறுநாள் கழிவறையில் போய் நின்றேன்.

நாங்கள் ஒரு தந்திரம் செய்வோம். யோசித்துப் பேசுகிற பேச்சுதான் இவர்களுக்குப் போய்விடுகிறது. யோசிக்காமல் வருவது உள்ளே வேறொரு மூலையில் பத்திரமாக இருக்கும். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது, கிழமைகள், எண்கள், தாலாட்டு. தன் பெயர் சொல்லத் தெரியாத ஆளிடம் "ஞாயிறு" என்று ஆரம்பித்தால் "திங்கள், செவ்வாய்" என்று போய்க்கொண்டே இருப்பார். அந்த நூலைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். சிலருக்கு அதன் பின்னால் ஒரு சொல் வரும். சிலருக்கு நூல் மட்டும்தான்.

எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை.

வாயாடி

*

ஏப்ரல் 11

வாயாடிக்கு,

வேண்டாம்காரர் கதையைக் கடையில் சொன்னேன். டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கருகின நீலத்துக்குப் பதில் அவளுக்கு எப்போதோ புதுப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டேன், அந்தப் பழி தீர்ந்தது. இப்போது தெருவில் என் பெயர் போய், "வெளிநாட்டு ஆஸ்பத்திரிப் பாட்டி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் ஒன்றும் மறுக்கவில்லை.

கல்லூரி விடுதியிலிருந்து படுக்கை விரிப்புகள் வர ஆரம்பித்திருக்கின்றன. வாரத்துக்கு எட்டு கட்டு, கட்டுக்கு ஏழு. ஒவ்வொரு வாரமும் அவர்கள் கணக்கில் ரெண்டு விரிப்பு கூடுதலாக வந்துவிடுகிறது. நான் நேர்மையாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். விடுதிக்காரன் தலையைச் சொறிகிறான்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். எழுத வேண்டாம் என்றால் எழுதாமலேயே இருந்துவிடுவதா? என்ன பிள்ளை நீ?

பாட்டி

*

ஏப்ரல் 29

பாட்டி,

இதை உட்கார்ந்து படி. கடையில் படிக்காதே.

வந்த மாதமே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். கதவைத் திறந்தது அவருடைய இங்கத்து மனைவி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். யூனிஃபார்மிலேயே இருந்தாள். நான் யாரென்று சொன்னேன். "ஊரில் தனக்கு யாரும் இல்லை என்று சொல்லியிருந்தார்" என்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, சொன்னாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அடைப்பு வந்ததாம். வலது பக்கம் வராது. பேச்சு போய்விட்டது. இப்போது ஒரு காப்பகத்தில் இருக்கிறார். "வாயில் ஏதோ உளறுகிறார், அர்த்தமில்லாமல், ஒரே ராகமாக" என்றாள்.

மறுநாள் போனேன். நாற்காலியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். உன் நெற்றி, பாட்டி. அப்படியே உன் நெற்றி. நான் பதினோராம் வகுப்பிலிருந்து தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். முதலில் அவர்கள் மொழியில். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த மொழி அவருக்குள் இப்போது இல்லை. பிறகு நம் மொழியில் கேட்டேன். "அம்மா செத்தப்போ ஏன் வரல?"

என்னைப் பார்த்தார். உதடு ரொம்ப நேரம் தேடியது. அப்புறம் சொன்னார்:

"ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்ணு."

உளறல் இல்லை பாட்டி. ஏழாம் வாய்ப்பாடு. அதே ராகம், பெட்டியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே நீ சொல்வாயே, அதே இழுப்பு. "ஏழேழு நாப்பத்தொம்போது" வரைக்கும் வந்தார். அடுத்து "எட்டேழு அம்பத்தி நாலு" என்றார்.

உலகத்தில் வேறு எந்த வீட்டில் எட்டேழு அம்பத்தி நாலு? நான் பள்ளியில் அதற்கு அடி வாங்கினேன். அவரும் வாங்கியிருப்பார். நீ மட்டும் இன்று வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் கேள்விக்குப் பதில் இனி வராது. அவருக்குள் அது இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. மூணு வருஷம் படித்த மொழி அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. நீ சொல்லிப் படித்தது மட்டும்தான் உதவியது. ஒன்று கேட்கிறேன். நான் ஆரம்பித்தால் அவர் தொடர்வதில்லை, தானாக வந்தால்தான் வருகிறது. என் குரல் அவருக்குத் தெரியாது. தெரிந்த குரல் ஆரம்பித்துக் கொடுத்தால் அதற்கப்புறம் ஒரு சொல்லாவது வரலாம். போனில் பேசு பாட்டி. வேறொன்றும் பேச வேண்டாம், வாய்ப்பாடு மட்டும் சொல்.

வாயாடி

*

மே 15

பேத்திக்கு,

முடியாது.

உனக்கு அப்போது ஒன்பது வயது, தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அம்மாவைக் கூடத்தில் கிடத்தி வைத்துக்கொண்டு, அவனுக்குச் செய்தி சொல்லிவிட்டாயிற்று, வருவான் என்று காத்திருந்தோம். வந்தவர்கள் எல்லாம் "இன்னும் எவ்வளவு நேரம் வைக்கிறது?" என்று என் காதுக்குள் கேட்டார்கள். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் எல்லார் கண்ணும் என் முதுகில். வேறு யார் வீட்டுக்கோ போகிற கார். கடைசியில் நான்தான் "எடுங்க" என்றேன். மருமகள் என்று ஒரு நாளும் நான் அவளைச் சொன்னதில்லை, மகள் என்றுதான் சொல்லுவேன். என் மகன் உயிரோடு இருக்கும்போது என் மகளை அவன் இல்லாமல் அனுப்பிவைத்தேன்.

யாரும் இல்லை என்று சொன்னானாமே. அப்படியே இருக்கட்டும். யாரும் இல்லாதவனுக்கு யார் போனில் பேசுவது?

வாய்ப்பாட்டைப் பற்றி ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்கிறாய். டீச்சரம்மாவிடம் கேட்டேன். அம்பத்தாறு என்கிறாள். புத்தகம் கொண்டுவந்து காட்டுகிறாள். புத்தகம் அச்சடிக்கிறவன் தப்பு செய்ய மாட்டானா?

எட்டாம் வாய்ப்பாடு சொல்கிறானா? அது அவனுக்கு ஏழைவிட நன்றாக வரும். கேட்டுத்தான் எழுதினேன், வேறொன்றும் இல்லை.

பாட்டி

*

ஜூன் 3

பாட்டி,

எட்டு சொல்வதில்லை. இப்போது ஏழும் குறைந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை பாட்டி. ஒவ்வொரு தடவை நீ வாசலுக்குப் போனபோதும் நான் பார்த்தேன். அதனால்தான் இந்த மொழியைப் படித்தேன்.

ஜூன் 19க்குள் இந்தக் கடிதம் வந்துவிடும். அன்றைக்கு மத்தியானம், நீ கடை சாத்திச் சாப்பிடும் நேரத்தில் கூப்பிடுவேன். எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். மன்னிக்கச் சொல்லவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

வாயாடி

*

ஜூன் 20

வாயாடிக்கு,

போனில் உன்னோடு பேசாமல் வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு மத்தியானம் என்று பார்த்து வங்கிக்காரர் சட்டைக்கு வந்து நின்றார். "அப்புறம் வாங்க" என்றேன். "பத்து நிமிஷம்தானேம்மா, நிக்கிறேன்" என்றார். "நிக்கக் கூடாது, போங்க" என்று கத்திவிட்டேன். பாவம், கசங்கின சட்டையோடு ஓடினார்.

ஒன்று உன்னிடம் மறைக்கக் கூடாது. போனுக்கு முந்தின நாள் டீச்சரம்மாவிடம் போய் உட்கார்ந்து எட்டேழு அம்பத்தாறு என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிப் பாட்டி, அந்த ஊர்க்காரர்கள் முன்னால் தப்பாகச் சொன்னாள் என்று வரக் கூடாது இல்லையா? உனக்கு அங்கே மரியாதை இருக்கிறது.

மணி அடித்தது. எடுத்தேன். நீ "அவர் காதில் வைக்கிறேன்" என்றாய். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சின்ன வயதில் சளி பிடித்தால் அவனுக்கு அப்படித்தான் இழுக்கும், முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்க வேண்டியதெல்லாம் என் தொண்டையில் வரிசையாக நின்றது. ஏன்டா வரல என்று கேட்க வாயைத் திறந்தேன். வந்தது "தம்பி". பதினஞ்சு வருஷமாகச் சொல்லாத சொல். அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் "ஓரேழு ஏழு" என்று ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் நான் மட்டும்தான் சொன்னேன். ஐயேழு வரும்போது அடியில் ஒரு முணுமுணுப்பு. ஆறேழு நாப்பத்திரெண்டில் ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். உனக்குக் கேட்டிருக்கும். எட்டேழு என்று நான் சொல்லி, பழகினபடி அம்பத்தாறு என்றேன். அவன் நின்றுவிட்டான். மூச்சுகூடக் கேட்கவில்லை. போச்சு, நூலை அறுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் "அம்பத்தி நாலு" என்றான். மெதுவாக. தப்பாகச் சொல்கிற பிள்ளையைத் திருத்துகிற மாதிரி.

ஆமாம்டா தம்பி, அம்பத்தி நாலுதான் என்றேன்.

"ம்மா" என்றானா, இருமினானா? நீ பக்கத்தில் இருந்தாய். எதுவென்று எனக்கு எழுத வேண்டாம்.

பாட்டி

*

ஜூலை 1

பாட்டி,

நேற்றுக் காலை போனில் சொன்னதுதான். அதற்கு மேல் உன்னால் கேட்க முடியவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை. மீதியை எழுதுகிறேன்.

உன் போனுக்கு அப்புறம் அவர் தானாக எதுவும் சொல்லவில்லை. கடைசி ரெண்டு நாள் கண் திறக்கவும் இல்லை. நான் பணி முடிந்து போகிறபோது அவர் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏழாம் வாய்ப்பாடு. ஒன்றரை வருஷமாக அவர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அர்த்தம் தெரியாது, எண் என்றே தெரியாது. உன் ராகத்தில், பெட்டி தள்ளுகிற இழுப்போடு சொல்கிறாள். எட்டேழு அம்பத்தி நாலு என்றும் சொன்னாள். என்னிடம் "இதற்கு என்ன அர்த்தம்? பாட்டா?" என்று கேட்டாள். அவர் அம்மா சொல்லிக்கொடுத்தது என்றேன். தப்பைத் திருத்தவில்லை.

நீ வர முடியாது என்பதால் நான்தான் கூட இருந்தேன். அம்மாவுக்கு அவர் வரவில்லை, அவருக்கு நான் போனேன். இதில் யாருக்கு நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்க வந்த கேள்வி அப்படியே என் கையில் இருக்கிறது. கொடுப்பதற்கு இப்போது ஆள் இல்லை. ரெண்டு மொழியிலும் சரளமாகக் கேட்கத் தெரியும், பாட்டி. அவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறேன்.

கேட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தேன். வரட்டுமா?

வாயாடி

*

ஜூலை 19

என் வாயாடிக்கு,

கடையை மூணு நாள் சாத்தினேன். தெருவில் காரணம் கேட்டார்கள். மகன் இறந்துவிட்டான் என்றேன். உங்களுக்கு மகன் இருந்தானா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். இத்தனை வருஷம் பேத்தியைப் பற்றி அவ்வளவு பேசினேன், மகன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனும் அங்கே யாரும் இல்லை என்றுதானே சொல்லியிருந்தான். என் பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வா என்று எழுதத்தான் கை போகிறது. வேண்டாம். நீ அந்த மொழியைப் படித்தது அவனுக்காக. அந்தக் கால் உடைந்துவிட்டது. இன்னொரு படிப்பு நான் சொல்லிப் படித்தது. அதில் சாய்ந்து கொஞ்ச நாள் நில். உன் வார்டில் ஆறு பேர் இருக்கிறார்கள். அதில் யாருக்காவது ஊரில் ஒரு கிழவி, போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். விடுமுறை வரும்போது வா. அந்தப் பேருந்து ஓட்டுகிற பெண் வருவதானால் கூட்டிக்கொண்டு வா. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. ஏழாம் வாய்ப்பாடாவது சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்றைக்கு விடுதி விரிப்புகள் வந்தன. டீச்சரம்மா பக்கத்தில் நின்று நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு கட்டு, கட்டுக்கு ஏழு, அம்பத்தி நாலு என்று சீட்டில் எழுதினேன். வழக்கமாக வாயைத் திறப்பாள். இன்றைக்குத் திறக்கவில்லை. தேய்த்து முடித்தபோது எப்போதும்போல ரெண்டு விரிப்பு மீந்து நின்றது. விடுதிக்காரன் வந்து, "பாட்டி, உங்க சீட்டைப் பாத்துத்தான் நாங்களும் எழுதிக்கிறோம், இந்த ரெண்டு யாரோடதுன்னு எங்க கணக்குலயும் இல்ல, உங்க கணக்குலயும் இல்லயே" என்றான்.

எங்களுடையதுதான் என்றேன். அந்த ரெண்டையும் மறுபடி ஒரு தடவை, சுருக்கம் இல்லாமல், ஓரம் ஓரமாகத் தேய்த்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

உன் பாட்டி